ஹெச்.ஆர். வேலை: சம்பளம் எவ்வளவு, யாரை எடுக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறு வருடமாக ஹெச்.ஆர்., அதாவது மனிதவள வேலையில் இருக்கிறேன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் (வருகைப் பதிவு பார்க்கும் இடம்) தொடங்கி, நடுவில் நாலு வருடம் ஐ.டி. பக்கம் போய் வந்து, இப்போது நடுத்தரக் கம்பெனிகளுக்குப் பேரோல் (சம்பளக் கணக்கு), தொழிலாளர் சட்ட வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். படிப்பு முடித்தவர்களும் இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு முட்டி நிற்பவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். நான் சொல்லும் சம்பளத் தொகை எல்லாம் சென்னை, கோவை, ஓசூர் வட்டாரத்தில் கண்ணில் படும் ஆஃபர் லெட்டர்களை வைத்துச் சொல்வது. உங்கள் ஊரில், உங்கள் துறையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இப்போது ஹெச்.ஆர். வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா?

எடுக்கிறார்கள். ஆனால் 2021, 2022 மாதிரி ரெஸ்யூமே போட்ட மறுநாளே போன் வந்த காலம் போய்விட்டது. ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளில் ஆள் சேர்க்கும் வேகம் குறைந்துவிட்டதால், அதை நம்பியிருந்த ரெக்ரூட்டர் (ஆள் தேடி எடுப்பவர்) இடங்களும் குறைந்துவிட்டன. டி.சி.எஸ். 2025 ஜூலையில் மொத்த ஆட்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாகச் சொன்னது. இப்படி ஒரு செய்தி வந்தாலே மற்ற கம்பெனிகளும் ஹெச்.ஆர். இடங்களைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்துப் பார்ப்பார்கள்.

இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பழைய கதை. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று, ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் வந்திருக்கிறது. ஒரு புது ஆலை வந்தால் முதலில் எடுக்கும் பத்து பேரில் ஒருவராவது ஹெச்.ஆர். ஆளாகத்தான் இருப்பார், ஏனென்றால் மீதி ஆயிரம் பேரை எடுக்க அவர் வேண்டும். அப்புறம் வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்களுக்காகவே இங்கே நடத்தும் ஜி.சி.சி. மையங்கள். 2024 கணக்குப்படி நாட்டில் 1,700-க்கு மேல், அங்கே வேலை பார்ப்பவர்கள் சுமார் 19 லட்சம் பேர். பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அடுத்து சென்னையிலும் இவை நிறைய. ஹெச்.ஆர். சம்பளம் இப்போது நன்றாக இருக்கும் இடம் இதுதான், ஆனால் உள்ளே நுழைவது கடினம்.

புதிதாக வருபவருக்கு எவ்வளவு கொடுப்பார்கள்?

எம்.பி.ஏ. அல்லது எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்துச் சென்னையில் சேர்ந்தால் மாதம் 15,000 முதல் 25,000 வரை. கோவை, திருப்பூர், மதுரை, திருச்சியில் 12,000 முதல் 18,000. பெரிய கம்பெனியின் டிரெயினி திட்டத்தில் இடம் கிடைத்தால் ஆண்டுக்கு 5 லட்சம், 6 லட்சம் என்று தொடங்கலாம், ஆனால் அந்த இடங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு.

இதைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. இரண்டு வருடம் முதுகலை படித்த பிள்ளைக்கு 15,000 என்பது நியாயமே இல்லை, அதே வாசலில் நிற்கும் டிரைவர் பல இடங்களில் அதைவிட அதிகம் வாங்குகிறார். ஹெச்.ஆர். படித்தவர்கள் நிறைய, முதல் வேலை குறைவு, அதனால் இப்படி. முதல் இரண்டு வருடத்தில் என்ன வேலை கற்றுக்கொள்கிறீர்கள் என்பதை வைத்து இந்த இடைவெளியைச் சீக்கிரம் தாண்டலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

ஆஃபரில் 3.6 லட்சம் என்று போட்டிருக்கிறது. மாதம் 30,000 கைக்கு வருமா?

வராது. ஹெச்.ஆர். படித்தவர்களே இதைக் கேட்கிறார்கள், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

சி.டி.சி., அதாவது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, மாதத்துக்கு 30,000. அதில் பேசிக் பாதி, அதாவது 15,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அது 1,800. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், 721. இந்த இரண்டும் உங்கள் சி.டி.சி.க்குள்ளேதான் இருக்கின்றன. ஆண்டுக் கடைசியில் தரும் வேரியபிள் 10 சதவீதம் என்றால் 3,000. மெடிக்கல் இன்சூரன்ஸ் என்று ஒரு 500. இதெல்லாம் போக மாத கிராஸ், அதாவது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம், 23,979. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800 போனால் 22,179. தொழில் வரியும் போனால் கையில் 22,000-ஐ ஒட்டி வரும்.

30,000 என்று நம்பி வேளச்சேரியில் வாடகைக்கு வீடு பார்த்தவர் என்ன ஆவார்? ஆகவே ஆஃபர் கையில் வந்ததும் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "மாதக் கிராஸ் எவ்வளவு, அதில் பிடித்தம் என்னென்ன, ஒரு பிரேக்-அப் அனுப்புங்கள்." கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். ஹெச்.ஆர். வேலைக்கு வருபவர் இதைக் கேட்காவிட்டால்தான் நான் யோசிப்பேன்.

அனுபவம் ஏற ஏற எவ்வளவு கூடும்?

மூன்று முதல் ஐந்து வருடத்தில் 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை. ஆறு முதல் பத்து வருடத்தில் ஹெச்.ஆர். பிசினஸ் பார்ட்னர் (ஒரு பிரிவின் ஹெச்.ஆர். தேவைகளைக் கவனிப்பவர்), பேரோல் லீட் மாதிரி இடங்களில் 9 முதல் 18 லட்சம், ஜி.சி.சி.யில் அதற்கும் மேலே. ஒரு ஆலையின் ஹெச்.ஆர். மேனேஜர், பத்துப் பதினைந்து வருட அனுபவத்தோடு, 12 லட்சத்திலிருந்து 25 லட்சம் வரை. நடுத்தரக் கம்பெனியின் ஹெச்.ஆர். தலைவர் 25 லட்சத்தைத் தாண்டுவார். ஒவ்வொரு படியிலும் அடித்தொகைக்கும் மேல்தொகைக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம் இருப்பதைப் பார்க்கிறீர்கள் இல்லையா, அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

என்னோடு படித்தவருக்கும் எனக்கும் ஐந்து வருடம்தான் அனுபவம். அவருக்கு 9 லட்சம், எனக்கு 5 லட்சம். ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன் என்று சொல்லலாம்.

கார்டில் இருவருக்கும் "சீனியர் எக்ஸிக்யூட்டிவ், ஹெச்.ஆர்." என்றே இருக்கும். செய்யும் வேலை வேறு. ஒருவர் ஐந்து வருடமாக இன்டர்வியூ நேரம் குறித்துக் கொடுத்து, ஐ.டி. கார்டு அச்சிட்டு, பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட ஏற்பாடு செய்து, மேனேஜர் கேட்ட எக்செலை அனுப்பிக்கொண்டிருந்திருப்பார். உழைப்பில் குறையே சொல்ல முடியாது, ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அவர் விட்டுப் போனால் அடுத்த வாரமே இன்னொருவர் வந்து அந்த வேலையைச் செய்துவிடலாம். இன்னொருவர் 800 பேருக்குத் தனியாகச் சம்பளம் போட்டிருப்பார், பி.எஃப். இன்ஸ்பெக்ஷனுக்குப் பதில் சொல்லியிருப்பார், ஒரு டொமெஸ்டிக் என்கொயரியை (கம்பெனிக்குள் நடக்கும் ஒழுங்கு விசாரணை) முறைப்படி நடத்தியிருப்பார். அவர் போனால் கம்பெனிக்கு வலிக்கும். அந்த வலிக்குத்தான் கூடுதல் பணம்.

நான் இன்டர்வியூவில் எப்போதும் கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ஒரு தொழிலாளியின் சம்பளம் 20,500. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சம்பள வரம்பு 21,000. ஜூலையில் இன்க்ரிமென்ட் வந்து 23,000 ஆகிவிட்டது. ஆகஸ்ட் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கலாமா, கூடாதா?

பத்துப் பேரிடம் கேட்டால் ஏழு பேர் "வரம்பைத் தாண்டிவிட்டார், பிடிக்கக் கூடாது" என்பார்கள். சரியான பதில், பிடிக்க வேண்டும். இ.எஸ்.ஐ.க்குப் பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. நடுவில் சம்பளம் கூடினாலும் அந்தக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் 30 வரை, முழு 23,000-க்கும் கட்ட வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அவருக்கு 173 ரூபாய். கம்பெனி பங்கு 3.25 சதவீதம். இதைத் தெரியாமல் ஆகஸ்டில் நிறுத்திவிட்டால் என்ன நடக்கும்? ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். பிப்ரவரியில் அந்த மனிதர் உடம்பு சரியில்லாமல் லீவு போட்டுவிட்டு நோய்க்கால உதவித்தொகை கேட்கும்போது, கட்டாமல் விட்ட நாட்கள் வந்து இடிக்கலாம். நம் மேசையில் ஒரு டிக் விட்டுப்போனதுக்கு அவர் வீட்டில் அரிசி வாங்கப் பணமில்லாமல் போகலாம்.

இதைச் சரியாகச் சொல்லி, ஏன் என்றும் விளக்கும் ஆளுக்கு, அவர் கேட்ட சம்பளத்தைக் கொடுக்கச் சொல்லி நான் பரிந்துரைத்திருக்கிறேன். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை.

ரெக்ரூட்டர் வேலை நிலையானதா?

நல்ல வேலை, ஆனால் அலை மாதிரி. 2022-இல் எல்லோரும் வேலை மாறிக்கொண்டிருந்தார்கள், இன்ஃபோசிஸில் அந்த ஜூன் காலாண்டில் வேலையை விட்டுப் போனவர்கள் விகிதம் 28.4 சதவீதம் வரை போனது. போனவர்களுக்குப் பதிலாக ஆள் பிடிக்க ரெக்ரூட்டர்களுக்குக் கேட்ட சம்பளம் கிடைத்தது, ஒரு வருட அனுபவம் உள்ளவர்கள்கூட இரட்டிப்பாகக் கேட்டு வாங்கினார்கள். அந்த வேகம் அடங்கியதும் முதலில் குறைத்ததும் அவர்களைத்தான். ஏயான் என்ற ஆலோசனை நிறுவனத்தின் கணக்கில் நாடு முழுக்க இந்த விகிதம் 2022-இல் 21.4 சதவீதம், 2025-இல் 17.1. போகிறவர் குறைந்தால் எடுக்க வேண்டியவரும் குறைவுதானே.

ரெக்ரூட்மென்டில் இருப்பவர்கள் வெளியே ஓடிவர வேண்டும் என்று சொல்லவில்லை. சும்மா நௌக்ரி இணையதளத்தில் தேடி ரெஸ்யூமே அனுப்புவதோடு நின்றுவிடாமல், ஒரு துறையை எடுத்து ஆழமாகப் போங்கள். செமிகண்டக்டர் ஆட்களை யார் எங்கே வைத்திருக்கிறார்கள், யாருக்கு என்ன சம்பளம், யார் கோயம்புத்தூருக்குத் திரும்பி வரத் தயாராக இருக்கிறார் என்று தெரிந்தவருக்கு எந்தக் காலத்திலும் வேலை உண்டு. கூடவே ஆஃபர் ஸ்ட்ரக்சர் (சம்பளத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்ற கணக்கு) போடக் கற்றுக்கொள்ளுங்கள், அது உங்களைச் சம்பளத் திட்ட வேலைக்குக் கொண்டுபோகும்.

தொழிற்சாலை ஹெச்.ஆர். என்றால் பயமாக இருக்கிறது. யூனியன், ஸ்டிரைக் எல்லாம் வருமே?

வரும். அதனால்தான் அதற்கு மதிப்பு.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்ததற்காக நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு ஜனவரியில்தான் திறந்தது. 2024-இல் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது, சங்கத்தைப் பதிவு செய்வதே அதில் பெரிய பிரச்சினை. இந்த இரண்டுக்கும் பிறகு இந்த வட்டாரத்தில் தொழிலாளர் உறவு தெரிந்த, தமிழில் தொழிலாளியிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆளுக்குத் தேவை கூடிவிட்டது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அத்தனை பெண்களின் சாப்பாடு, தண்ணீர், பஸ், பாதுகாப்பு, வீட்டுக்குப் போய்வர லீவு, எல்லாம் யார் பொறுப்பு? இப்போதைய தொழிற்சாலை ஹெச்.ஆர். வேலையில் பாதி இதுதான், எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணி. நைட் ஷிஃப்ட் முடிந்த பதினாலு பேர் பஸ் ஏறாமல் டைம் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். யாரும் கத்தவில்லை. ஒரு பையன் மட்டும் பே ஸ்லிப்பை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தான். போன மாதம் மழை நாளில் மாற்று ஆள் வராமல் நாலு மணி நேரம் ஓ.டி. பார்த்திருக்கிறார்கள், பஞ்சிங் மெஷின் அன்றைக்கு வேலை செய்யவில்லை, சூப்பர்வைசர் கையால் எழுதிக் கொடுத்த தாள் எங்கள் ட்ரேயிலேயே கிடந்திருக்கிறது. தவறு எங்களுடையது. என் மேனேஜர் "திங்கட்கிழமை பார்க்கலாம்னு சொல்லி அனுப்பிடு" என்றார் போனில். எனக்கு மனசு வரவில்லை. தாளைத் தேடி எடுத்து, பதினாலு பேர் பெயரையும் அவர்கள் முன்னாலேயே ரெஜிஸ்டரில் ஏற்றி, எந்தத் தேதியில் எவ்வளவு வரும் என்று துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பஸ் இருபது நிமிடம் தாமதமாகப் போனது. அதற்கு எனக்கு மெமோ வந்தது. ஆனால் அடுத்த வருடம் சம்பள ஒப்பந்தப் பேச்சு முட்டிக்கொண்டு நின்றபோது, சங்கத்துக்காரர்கள் "அந்தத் தம்பி இருந்தா பேசலாம்" என்றார்கள். நான் அந்த அறைக்குள் போனது அப்படித்தான். 12(3) ஒப்பந்தத்துக்கும் 18(1) ஒப்பந்தத்துக்கும் வித்தியாசத்தை அங்கே உட்கார்ந்துதான் கற்றேன்: முதலாவது தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில் போடுவது, எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும், இரண்டாவது நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது, கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். எண்கள் பழைய 1947 சட்டத்தின் பிரிவுகள், பேச்சில் இன்னும் அப்படியே சொல்கிறார்கள். அதன் பிறகு நான் வேலை மாறிய ஒவ்வொரு தடவையும் சம்பளம் ஏறியதற்குக் காரணம் அந்த அறையில் கற்றதுதான்.

வெல்ஃபேர் ஆபீசர் ஆக என்ன படிக்க வேண்டும்?

1948 தொழிற்சாலைச் சட்டப்படி 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் வெல்ஃபேர் ஆபீசர் (தொழிலாளர் நல அலுவலர்) கட்டாயமாக இருந்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத் தொகுப்பு (கீழே சொல்கிறேன்) அந்த எண்ணை 250-ஆகக் குறைத்திருக்கிறது. ஆக, இந்த இடங்கள் கூடும். ஆனால் எல்லா எம்.பி.ஏ.வும் இதற்குச் செல்லாது. அரசு அங்கீகரித்த படிப்பா என்று சேரும் முன்பே விசாரியுங்கள், படித்து முடித்த பிறகு தெரிந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்பத்தூரில் அரசே நடத்தும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. பி.ஏ., எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மை அங்கே படிக்கலாம், கட்டணமும் குறைவு. இந்த இடத்தைப் பற்றிப் பலருக்குத் தெரிவதே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

எம்.பி.ஏ.வா, எம்.எஸ்.டபிள்யூ.வா?

ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ., மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் இரண்டில் ஒன்றில் ஹெச்.ஆர். கிடைத்தால் யோசிக்காமல் போய்விடுங்கள், அங்கிருந்து வருபவர்களின் சராசரித் தொடக்கமே ஆண்டுக்கு 25 லட்சத்துக்கு மேல். அது தனி உலகம்.

இங்கே படிப்பதானால், 1952-இல் தொடங்கிய எழும்பூர் சென்னை சமூகப்பணிக் கல்லூரிக்குத் தொழிற்சாலைகளில் நல்ல பெயர், ஏனென்றால் அங்கே களப்பணி உண்டு. பொதுவாகச் சொன்னால் ஆலைப் பக்கம் போக எம்.எஸ்.டபிள்யூ. அல்லது தொழிலாளர் மேலாண்மை, கார்ப்பரேட், ஜி.சி.சி. பக்கம் போக எம்.பி.ஏ. ஆனால் பேர் தெரியாத கல்லூரியில் 6 லட்சம் கடன் வாங்கி எம்.பி.ஏ. படித்து 15,000-க்குச் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடன் தவணையே சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் நம் வேலைக்கு என்ன மாற்றம்?

29 பழைய சட்டங்களை நான்காகத் தொகுத்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நமக்கு நேரடியாகப் படுவது மூன்று. ஒன்று, சம்பளம் என்பதற்கான விளக்கம்: அலவன்ஸ் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியதும் சம்பளக் கணக்கில் சேரும். பேசிக்கை 30 சதவீதமாக வைத்து பி.எஃப்., கிராஜுவிட்டியைக் குறைத்து வந்த கம்பெனிகள் எல்லாம் ஸ்ட்ரக்சரைத் திருத்தி எழுத வேண்டும். இரண்டு, வேலையை விட்டவருக்குச் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளில் கொடுக்க வேண்டும். 45 நாள் இழுத்தடித்த வழக்கத்துக்கு இனி இடமில்லை, அதை நடத்திக்காட்டப் பேரோல் ஆள் தேவை. மூன்று, குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் ஆட்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி.

இதனால் இப்போது பேரோலும் சட்டமும் சேர்ந்து தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். தமிழ்நாட்டுக்கென்று உள்ளதையும் மறக்காதீர்கள்: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தெரியாமல் இங்கே ஹெச்.ஆர். வேலை பார்ப்பது ஆபத்து.

ஏ.ஐ. வந்து ஹெச்.ஆர். வேலையை எடுத்துவிடுமா?

ஒரு பகுதியை எடுத்துவிட்டது. ஐ.பி.எம். தலைவர் அரவிந்த் கிருஷ்ணா 2023 மே மாதத்திலேயே ஹெச்.ஆர். மாதிரியான பின்னணி வேலைகளுக்கு ஆள் எடுப்பதை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார், இரண்டு வருடம் கழித்து, சில நூறு ஹெச்.ஆர். ஆட்களின் வேலையை ஏ.ஐ. செய்கிறது என்றார். கூடவே மொத்த ஆட்கள் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்றும் சொன்னார், அதை யாரும் கவனிப்பதில்லை.

லீவு எத்தனை பாக்கி, ஃபார்ம் 16 எப்போது வரும், பாலிசி என்ன சொல்கிறது மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இனி ஆள் வேண்டாம். ரெஸ்யூமே வடிகட்டவும், ஜே.டி. (வேலை விவரக் குறிப்பு) எழுதவும் அப்படியே. ஆனால் அந்தப் பதினாலு பேர் வாசலில் நிற்கும்போது சாட்பாட்டால் வெளியே வந்து நிற்க முடியாது. பாலியல் புகார் வந்தால் உள் புகார்க் குழுவில் எதிரே உட்கார்ந்து ஒரு பெண் சொல்வதைக் கேட்க ஆள் வேண்டும். பத்துப் பேர் உள்ள இடத்திலேயே அந்தக் குழு கட்டாயம், 2013 சட்டம். இந்தப் பக்கம் நகருங்கள்.

வருடாந்திர இன்க்ரிமென்ட் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

நாடு தழுவிய சராசரி 2022-இல் 10.6 சதவீதம், 2025-இல் 8.9. 2026-க்கு 9 என்று ஏயான் கணித்தது. இது எல்லாத் துறைக்கும் சேர்த்து. நடுத்தரக் கம்பெனி ஹெச்.ஆர். ஆட்களுக்கு 6, 7 சதவீதத்தோடு முடித்துவிடுவதும் நடக்கிறது. எல்லோருக்கும் ஏற்றித் தரும் ஷீட்டைத் தயாரிக்கிறோம், நம் வரிசைக்கு வரும்போது "நம்ம டிபார்ட்மென்ட்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். வேலை மாறினால் 20 முதல் 30 சதவீதம் கேட்பது இயல்பு.

பழைய சம்பளம் குறைவு. புதிய இடத்தில் எப்படிக் கேட்பது?

பொய் சொல்லாதீர்கள். பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், பார்ப்பது நம் ஆட்களே. பழைய தொகையைச் சொல்லிவிட்டு, செய்த வேலையை எண்ணிக்கையோடு வையுங்கள்: "650 பேருக்குப் பேரோல், இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட பி.எஃப். மாதக் கணக்கு (இ.சி.ஆர்.) தேதி தவறவில்லை. கான்ட்ராக்டர் நாலு பேருக்கு லைசென்ஸ் புதுப்பித்தேன். இந்த வேலைக்கு ஊரில் 7 லட்சம் போகிறது, நான் 6.5 எதிர்பார்க்கிறேன்." சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். நம்மில் பலர் தொகையைச் சொன்ன கையோடு "பேசிக்கலாம் சார்" என்று நாமே குறைத்துவிடுகிறோம். அப்புறம், ஃபிக்ஸட் எவ்வளவு வேரியபிள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

நோட்டீஸ் பீரியட் 90 நாள். யாரும் காத்திருக்க மாட்டேன் என்கிறார்கள்.

ஐ.டி.யில் 60, 90 நாள் வழக்கம், ஆலைகளில் பெரும்பாலும் 30 முதல் 60. பை-அவுட் (மீதி நாளுக்குப் பணம் கட்டிவிட்டு முன்பே விலகுவது) உண்டா என்று உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் மட்டும் ஓடிவராதீர்கள், நம் துறையில் அது கடைசிவரை கூடவே வரும்.

குழந்தைக்காக மூன்று வருடம் இடைவெளி விட்டேன். திரும்ப எடுப்பார்களா?

எடுப்பார்கள், சம்பளத்தைக் குறைத்துக் கேட்பார்கள். அதைத்தான் எதிர்க்க வேண்டும். நாட்டில் தொழிற்சாலை வேலையில் உள்ள பெண்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களோடு பேச, விடுதியைக் கவனிக்க, 26 வார மகப்பேறு விடுப்பையும் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டாயமான குழந்தைகள் காப்பகத்தையும் சரியாக நடத்த அனுபவமுள்ள பெண் ஹெச்.ஆர். அதிகாரிகள் போதவில்லை. திரும்பி வரும் முன் மூன்று மாதம் ஒதுக்கி நான்கு சட்டத் தொகுப்புகளையும் படித்துவிடுங்கள், இடைவெளியில் மாறியது அதுதான், மற்றதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இன்டர்வியூவில் இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்கும் குரலில் பேச வேண்டாம்.

கோவை, திருப்பூர், ஓசூரில் இருந்தே நல்ல சம்பளம் வாங்க முடியுமா?

ஓசூரில் முடியும், அங்கே ஆலைகள் பெரிது, பெங்களூரோடு போட்டி. கோவையில் இப்போது ஐ.டி.யும் வந்து ஏறிக்கொண்டிருக்கிறது. திருப்பூரில் சம்பளம் குறைவு, ஆனால் வெளிநாட்டு பையர்களின் சோஷியல் ஆடிட்டை (தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்ற சோதனை) தாங்கத் தெரிந்த ஆளுக்கு நல்ல கிராக்கி. ஆடிட் அன்றைக்கு ரெஜிஸ்டரும் உண்மையும் ஒத்துப்போக வேண்டும், அதைச் செய்துகாட்டுபவரை முதலாளி விடமாட்டார். வீட்டு வாடகையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கோவையில் 6 லட்சம் சென்னையில் 7.5-க்குச் சமம் என்பது என் கணிப்பு.

சேரப்போகும் கம்பெனி ஒழுங்கானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பி.எஃப். நிர்வாகம் செய்யும் இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பகுதி உண்டு. கம்பெனி பெயரைப் போட்டால் எந்த மாதம், எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பி.எஃப். கட்டினார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இன்டர்வியூவில் 400 பேர் என்று சொல்லி அங்கே 90 பேர் இருந்தால் காரணம் கேளுங்கள். மாதாமாதம் 15-ஆம் தேதியைத் தாண்டிக் கட்டியிருந்தால் சம்பளமும் அப்படித்தான் வரும்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு கன்சல்டன்சி 10,000 கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஆள் எடுத்துத் தருவதற்குக் கன்சல்டன்சிக்குக் கட்டணம் கொடுப்பது கம்பெனி, வழக்கமாக ஆண்டுச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று. வேலை தேடி வருபவரிடம் பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், யூனிஃபார்ம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஏமாற்று. ஆஃபர் மெயில் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பாருங்கள், கம்பெனியின் ரிசப்ஷனுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.